எண்ணெய்க் கிணறுகளின் பாடபேதங்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையடிவாரத்தில், கவுன்ட்டி எனப்படும் மாவட்டம் ஒன்றில் இருக்கும் ஒரு பழைய எரிவாயுக் கிணற்றுக்கு, நானும் சில நண்பர்களும் தொகுத்துவரும் தரவுத்தளத்தில் மூன்று ஆழங்கள் பதிவாகியிருக்கின்றன. அரசு இணையத்தில் தரும் அட்டவணை 1,485 அடி என்கிறது. கிணற்றைத் தோண்டியவர் தட்டச்சு செய்து கொடுத்த அட்டையின் ஸ்கேன் பிரதியில் 1,845 அடி என்று இருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து அதை மூடியவர்கள் எழுதிக் கொடுத்த சான்றிதழோ 1,210 அடியோடு நின்றுவிடுகிறது. இவற்றில் எதை வைத்துக்கொண்டு எதை நீக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, மூன்றையும் வைத்துக்கொள்வோம் என்றே பதில் சொல்கிறேன். அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர ஆறு ஆண்டுகள் பிடித்தன.

நான் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் புறத்தே வசிக்கிறேன். பகலில் தரவுப் பொறியாளர் வேலை. எண்ணெய்த் தொழிலோடு எனக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் தோட்டத்தின் கோடியில் கார் கொட்டகை கட்டுவதற்காக மண்ணை வெட்டச் சொன்னபோது, துருவேறிய இரும்புக் குழாய் ஒன்று தலைகாட்டியது. வெட்ட வந்தவர் அதைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்; இந்த ஊரில் அப்படி ஒரு குழாய் என்றால் அது பழைய எரிவாயுக் கிணறாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டு அடுப்புக்கு வரும் எரிவாயுவில் நாற்றத்துக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நிலத்திலிருந்து நேரே கசியும் மீத்தேனுக்கு அப்படி எந்த மணமும் கிடையாது. ஆகவே மூக்கை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அரசிடம் இதைப் பற்றி ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி பெரியவர் என்னைக் கேட்டார். அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் 1859 ஆகஸ்டு 27 அன்று எண்ணெய் கண்ட கிணற்றின் ஆழம் 69½ அடி. நம் ஊரில் தண்ணீருக்குப் போடும் போர்வெல்லைவிட ஆழம் குறைவு. அதிலிருந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு, 1950-களின் நடுப்பகுதி வரைக்கும், இந்த மாநிலத்தில் கிணறு தோண்ட அரசு அனுமதி பெற வேண்டிய கட்டாயம் இல்லை. அனுமதி இல்லையென்றால் கோப்பும் இல்லை. வற்றிப்போன கிணறுகளைக் கைக்குக் கிடைத்த மரக்கட்டையாலும் கல்லாலும் மண்ணாலும் அடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்கு விலை இருந்ததால், துளையின் சுவர் சரியாமல் இருக்க உள்ளே இறக்கியிருந்த கேசிங் குழாய்களையும் உருவி எடுத்துச் சென்றார்கள். அந்த இடங்களின் மேல் பின்னர் காடு வளர்ந்தது, வயல் வந்தது, வீடு வந்தது. அமெரிக்கா முழுவதும் கைவிடப்பட்ட கிணறுகள் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. ஆனால் பொறுப்பேற்க யாரும் இல்லாமல், முறையாக மூடப்படாமல் கிடப்பவையாக மாநிலங்கள் ஆவணப்படுத்தியிருந்த 'அநாதைக் கிணறு'களை அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறை 2022-இல் தொகுத்தபோது, 27 மாநிலங்களிலும் சேர்த்துக் கிடைத்த எண்ணிக்கை 1,17,672 மட்டுமே. கிணறுகளை மூடுவதற்காக 2021-ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் 470 கோடி டாலர் ஒதுக்கியது. எங்கே இருக்கிறது என்று தெரியாத கிணற்றைப் பணம் இருந்தாலும் மூட முடியாது.

இருக்கும் பதிவுகளும் ஓரிடத்தில் இல்லை. அமெரிக்காவில் கிணறுகளின் பதிவேடு அநேகமாக மாநிலங்களின் கையில் இருக்கிறது. டெக்சஸில் அந்தப் பொறுப்பு ரயில்ரோடு கமிஷனுக்கு. 1891-இல் ரயில்வேக் கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கப்பட்ட அந்த ஆணையம் இன்று ரயில்களைப் பார்ப்பதே இல்லை, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று படிவங்களும், சுருக்கக் குறிகளும், வெளியிடும் முறையும் வைத்திருக்கிறது. வடக்கு டகோட்டாவில், நிறுவனம் கேட்டுக்கொண்டால், புதிய கிணற்றின் விவரங்கள் ஆறு மாதம் இரகசியமாக வைக்கப்படும். இவை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி விற்கும் வணிகத் தரவுத்தளங்கள் உண்டு. அவற்றின் சந்தா பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும், தோட்டத்தில் குழாய் கண்ட பெரியவருக்குக் கட்டுப்படியாகாது. பதிவுகளோ பொது ஆவணங்கள். வெறும் உண்மைத் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல், ஒரு தொலைபேசி விவரப் புத்தகம் பற்றிய வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எனவே வணிகத் தொகுப்புகளைத் தொடாமல் மாநிலங்களின் மூலப் பதிவுகளிலிருந்தே எல்லாரும் எடுத்தாளக்கூடிய ஒரு தொகுப்பை உருவாக்க எந்தத் தடையும் இல்லை. தடைகள் எல்லாம் பதிவுகளுக்கு உள்ளேதான் இருக்கின்றன.

முதல் தடை எண். ஏபிஐ எண் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1960-களில் வகுத்தது, 2010-இலிருந்து பிபிடிஎம் என்ற தரவுத் தர அமைப்பின் பொறுப்பில் உள்ளது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், அடுத்த மூன்று கவுன்ட்டி, அடுத்த ஐந்து அந்தக் கிணற்றுக்கே உரியவை. தேவைப்பட்டால் இன்னும் நான்கு இலக்கங்கள் சேரும்: இரண்டு, அதே கிணற்றிலிருந்து பக்கவாட்டில் திருப்பித் தோண்டிய துளைக்கு, இரண்டு, அதில் பின்னர் நடந்த வேலைக்கு. அழகான ஏற்பாடு. ஆனால் மாநிலங்களுக்கான இந்தக் குறியீடு, அமெரிக்க அரசு மற்ற எல்லாக் கணக்குகளிலும் பயன்படுத்தும் மாநிலக் குறியீட்டோடு ஒத்துப்போவதில்லை. அரசுக் கணக்கில் 42 என்பது பென்சில்வேனியா. ஏபிஐ கணக்கில் 42 என்பது டெக்சஸ், பென்சில்வேனியாவுக்கு 37. கவுன்ட்டி எண்களோ பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே 42-003 என்பதை ஒரு முறையில் படித்தால் பிட்ஸ்பர்க் இருக்கும் அலிகேனி கவுன்ட்டி, மறு முறையில் படித்தால் மேற்கு டெக்சஸின் ஆண்ட்ரூஸ் கவுன்ட்டி. இரண்டிலும் கிணறுகள் உண்டு என்பதால், தவறாக இணைத்தாலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராது. விடை சரியானதைப் போலவே வந்து நிற்கும். கலிபோர்னியாவின் 04, கொலராடோவின் 05 ஆகியவற்றின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடுவதும், பதினான்கு இலக்கங்களை 4.2329இ+13 என்று சுருக்கி மீட்க முடியாமல் ஆக்கிவிடுவதும் இந்த வேலையில் அன்றாடம். கிணற்றின் எண்ணை எண்ணாகக் கருதாமல் எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள் என்று, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

டெக்சஸின் பழைய கோப்புகளைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய மெயின்ஃப்ரேம் கணினியிலிருந்து அப்படியே எடுத்து வைத்த கோப்புகள் அவை. ஐபிஎம் 1960-களில் கொண்டுவந்த எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்தன. இன்றைய கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் புரியாது. எழுத்துகளை மாற்றிப் படித்த பிறகும் சில இடங்களில் குப்பையே மிஞ்சியது. அந்த இடங்களில் எண்கள் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகப் பொதியப்பட்டு, கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி வைக்கப்பட்டிருந்தது. நினைவகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், ஒவ்வோர் அரை பைட்டையும் எண்ணிப் பார்த்து யாரோ வடிவமைத்த ஏற்பாடு. ஆணையம் தரும் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகப் பிரித்தபோது, ஒரு கிணற்றின் கேசிங் அளவும் சிமென்ட் மூட்டைக் கணக்கும் மூடிய தேதியும் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. அந்த மகிழ்ச்சியை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இடத்தைக் குறிப்பதில் இன்னும் சிக்கல். நடுமேற்கு மாநிலங்களில் நிலம் ஒரு மைல் சதுரக் கட்டங்களாக அளக்கப்பட்டிருப்பதால், 'வடக்கு எல்லையிலிருந்து 660 அடி, மேற்கு எல்லையிலிருந்து 1,980 அடி' என்ற குறிப்பை வைத்து இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். டெக்சஸ் அந்த முறைக்குள் வராத மாநிலம். அங்கே ஸ்பானியர் காலத்து நில அளவைகள் தொடர்கின்றன, பழைய ஆவணங்களில் 'வாரா' என்ற அளவு வரும். டெக்சஸ் வாரா என்றால் 33⅓ அங்குலம். 36 வாரா 100 அடி. பென்சில்வேனியாவின் பழைய அட்டைகளில், வரைபடத்தின் ஒரு மூலையில் வெட்டிக்கொள்ளும் அட்சரேகையிலிருந்து தெற்கே இத்தனை அடி, தீர்க்கரேகையிலிருந்து மேற்கே இத்தனை அடி என்று எழுதியிருக்கும். இவ்வளவையும் கடந்து அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றிய பின்னும் வேலை முடியவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் அளப்பது என்று வகுத்த 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க அளவைச் சட்டகத்தில் சொன்ன ஓர் இடத்தை, 1983-ஆம் ஆண்டின் சட்டகத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டால், கலிபோர்னியாவில் கிணறு சுமார் 80 முதல் 100 மீட்டர் வரை தள்ளிப்போய்விடும். 90 மீட்டர் என்பது ஒரு தெருவின் இந்த வீட்டுக்கும் அடுத்த தெருவின் வீட்டுக்கும் உள்ள தூரம். எந்தச் சட்டகம் என்பதைப் பல அட்டவணைகள் குறிப்பிடுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஊகித்து நிரப்பக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

தொடக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தொழிலில் பழகிய முறைதான்: ஒரே பொருளுக்கு இரண்டு பதிவு இருந்தால் புதியதை வைத்துக்கொண்டு பழையதை நீக்கு; முரண் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடு; காலியிடம் இருந்தால் நிரப்பு. இதைத் 'தூய்மைப்படுத்துதல்' என்போம். இரண்டாம் ஆண்டில், முதல் பத்து இலக்கங்கள் ஒன்றாக இருந்த பதிவுகளை எல்லாம் ஒரே கிணறு என்று கருதி இணைத்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் இலக்கங்கள் எதைக் காட்டுகின்றன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் இரண்டு கிணறு தெரிவது அழகாக இல்லை என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து, நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி, தம்மிடமிருந்த ஸ்கேன் ஆவணம் ஒன்றை அனுப்பி, இந்தத் துளை உங்கள் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டார். முதலில் நேராகத் தோண்டிய துளையில் கருவி சிக்கிக்கொள்ள, கீழ்ப்பகுதியைச் சிமென்ட் இட்டு மூடிவிட்டு, மேலிருந்து பக்கவாட்டில் திருப்பித் தோண்டியிருக்கிறார்கள். சிக்கிய கருவி எந்த ஆழத்தில் கிடக்கிறது, அதன் மேல் எத்தனை அடிக்குச் சிமென்ட் இருக்கிறது என்பதெல்லாம் முதல் துளையின் பதிவில் மட்டுமே இருந்தன. அந்தப் பதிவைத்தான் நான் நீக்கியிருந்தேன். அப்படி எத்தனை நீக்கினேன் என்று பார்த்தபோது, தொடங்கிய இடத்துக்கே போய் எல்லாவற்றையும் மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை என்று தெரிந்தது.

அந்த மறுதொடக்கத்தின்போதுதான் பாடபேதம் என்ற சொல் எனக்குக் கைகொடுத்தது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள், ஒரு சொல் ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் இன்னோர் ஏட்டில் வேறு விதமாகவும் இருந்தால், தமக்குச் சரியென்று பட்டதை மேலே அச்சிட்டு, மற்றதை அடிக்குறிப்பில் தந்தார்கள். ஒதுக்கிய பாடத்தையும் வாசகருக்குக் காட்டினார்கள். பிற்காலத்தில் வருபவர், ஒதுக்கிய பாடமே சரி என்று காட்ட அது இடம் கொடுத்தது. எங்கள் தரவுத்தளத்தை அப்படியே மாற்றி அமைத்தோம். இப்போது அதன் அடிப்படை அலகு கிணறு அன்று, கூற்று. இந்த ஆவணத்தின் இந்தப் பக்கம், இந்தக் கிணற்றின் ஆழம் இவ்வளவு என்கிறது; அதை இன்ன நாளில் எடுத்தோம்; மனிதர் படித்தார், அல்லது எழுத்துணரி மென்பொருள் படித்தது. இப்படி ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று. எங்களுக்குச் சரியென்று படுவதைத் தனியாகக் குறிக்கிறோம். மூலத்தை ஒரு புள்ளிகூட மாற்றுவதில்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கிணற்றின் அட்டைக்கு வருகிறேன். மேலே பண்ணையின் பெயர், டவுன்ஷிப் என்ற கவுன்ட்டி உட்பிரிவு, நிலமட்ட உயரம். கீழே கேசிங்: 10 அங்குலம், 8¼ அங்குலம், 6⅝ அங்குலம், ஒவ்வொன்றும் எத்தனை அடி இறக்கப்பட்டது, எத்தனை அடி திரும்ப உருவப்பட்டது. பிறகு தோண்டியவர் கண்ட அடுக்குகள். அவர் புவியியல் பாடநூலின் பெயர்களை எழுதவில்லை. தம் தொழிலில் வழங்கிய பெயர்களை எழுதியிருக்கிறார்: 'பிக் இன்ஜன்', 'ஹண்ட்ரட் ஃபுட்', 'கார்டன்'. கயிற்றில் கட்டிய கனத்த உளியை மேலும் கீழும் ஆட்டிப் பாறையை நொறுக்கிய காலம். வாளியில் மேலே வந்த பொடியைக் கையில் தேய்த்துப் பார்த்து இது இன்ன மணற்கல் என்று சொன்னவர்கள் அவர்கள். ஓரிடத்தில் 'சிறிதளவு வாயு' என்றும், சற்றுக் கீழே 'உப்பு நீர், துளை நிரம்பியது' என்றும் எழுதி, கடைசியில் மொத்த ஆழம் 1,845. அடுக்குகளின் தடிமனைக் கூட்டிப் பார்த்தேன். 1,845 சரியாக வருகிறது. ஆக 1,485 என்பது பின்னர் யாரோ கணினியில் ஏற்றும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதை நீக்கவில்லை. அந்த 1,485-ஐ நம்பி யாராவது ஏற்கெனவே ஓர் அறிக்கை எழுதியிருந்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுபவருக்கு அது அகப்பட வேண்டும். மூடியவர்களின் 1,210 பொய்யும் அன்று, பிழையும் அன்று. கேசிங் உருவப்பட்ட துளையில் பாறை சரிந்து விழுந்திருக்க வேண்டும். அவர்களின் கருவி அதற்குக் கீழே இறங்கவில்லை. அதற்குக் கீழே இருக்கும் 635 அடியில் சிமென்ட் இல்லை என்பதே அந்த எண் தரும் செய்தி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழித்திருந்தால் அந்தச் செய்தி யாருக்கும் கிடைத்திருக்காது.

பழைய பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் பெரிய சான்று. 2015 அக்டோபரில் அங்கே எரிவாயுச் சேமிப்புக்குப் பயன்பட்ட எஸ்எஸ்-25 என்ற கிணறு கசியத் தொடங்கி 112 நாள் நிற்கவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. 1953-இல் தோண்டிய கிணறு அது. அதன் அடியில் இருந்த பாதுகாப்பு வால்வு 1979-இலேயே அகற்றப்பட்டு, வேறு பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. கோப்பைப் புரட்டினால் மட்டுமே தெரியும்.

இதே காரணத்தால் நாங்கள் மாதந்தோறும் எல்லா மாநில அட்டவணைகளையும் முழுமையாக இறக்கி, பழையதன் மேல் எழுதாமல் தனித்தனியாகச் சேமிக்கிறோம். கிணறு கைமாறும்போது பல அட்டவணைகளில் பழைய நிறுவனத்தின் பெயர் அழிந்து, புதிய பெயர் அதே இடத்தில் ஏறிவிடும். பெரிய நிறுவனம் தோண்டி, வளமான காலத்தில் எடுத்துக்கொண்டு, பின்னர் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சிறிய நிறுவனங்களின் கைக்குப் போய், கடைசியில் மூடப் பணமில்லாத ஒன்றிடம் நின்றுபோகும் கிணறுகள் ஏராளம். கடைசிப் பெயர் மட்டும் இருந்தால் அந்த வரலாறு தெரியாது. எங்கள் வேலையில் மிகவும் எளிதானதும் மிகவும் பயனுள்ளதும் இந்த மாதாந்திரச் சேமிப்புதான் என்று நினைக்கிறேன். தொகுக்க நேரமில்லாதவர்கள்கூட இதை மட்டுமாவது செய்யலாம்.

உற்பத்திக் கணக்கிலும் இந்த நேர்மை தேவைப்படுகிறது. டெக்சஸில் எரிவாயுக் கிணற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. எண்ணெய்க்கோ குத்தகை நிலம் ஒன்றுக்கு மொத்தமாகவே கணக்கு. ஒரு குத்தகையில் பத்துக் கிணறு இருந்தால் எது எவ்வளவு தந்தது என்று அரசுப் பதிவில் கிடையாது. அதைப் பல காரணிகளை வைத்துப் பிரித்துக் கணக்கிடலாம், தேவைப்படுபவர்களுக்கு அது உதவும். ஆனால் பிரித்துப் போட்ட எண்ணை அளந்த எண்ணோடு ஒரே நிரலில் வைப்பது படிப்பவரை ஏமாற்றுவதாகும். நாங்கள் குத்தகைக் கணக்கைக் குத்தகைக்கே வைத்திருக்கிறோம்.

இந்த வழியில் எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். நீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளக்கும் நீரியல் முறிப்பில் கிணற்றுக்குள் செலுத்தும் வேதிப்பொருள்களை வெளியிட 2011-இல் ஃப்ராக்ஃபோகஸ் என்ற தளம் வந்தபோது, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பிடிஎஃப் என்று மட்டுமே கொடுத்தது. ஸ்கைட்ரூத் என்ற தொண்டு அமைப்பு அவற்றிலிருந்து தரவைப் பிரித்தெடுத்து 2012-இல் எல்லாருக்கும் கொடுத்தது. அண்மையில், 2024-இல், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் பழைய நில வரைபடங்களில் கிணற்றைக் குறிக்கும் சிறு கருவட்டங்களைக் கணினிக்குக் கற்பித்துத் தேடவைத்து, கலிபோர்னியா, ஓக்லஹோமா மாநிலங்களின் நான்கே கவுன்ட்டிகளில், எந்தப் பதிவிலும் இல்லாத கிணறுகளாக இருக்கக்கூடிய 1,301 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். இடத்துக்கு நேரில் போய்ச் சரிபார்த்ததையும் பாராததையும் அவர்கள் பிரித்துச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் குழாய்க்கு எந்த அட்டையும் கிடைக்கவில்லை. அவர் மாநில அலுவலகத்துக்குத் தெரிவித்தார். ஆய்வாளர் வந்து கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கசிவு இல்லை என்று எழுதி, கிணற்றுக்கு ஓர் எண் கொடுத்துப் போனார். கொட்டகையை வீட்டின் மறுபக்கம் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தரவுத்தளத்தில் அந்தக் கிணற்றுக்கு இப்போது இரண்டு இடங்கள் இருக்கின்றன: நான் கைப்பேசியைக் குழாயின் மேலேயே வைத்து எடுத்தது ஒன்று, அரசு அட்டவணையில் ஏறியது ஒன்று; இரண்டுக்கும் இடையே 11 மீட்டர். குழாயின் விட்டம் 6⅝ அங்குலம், அளந்தது நான், பெரியவர் உடனிருந்தார். ஆழம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.